பக்கத்து விசில் தப்பாகப் போனால்

நடுவர் பணிக்குப் புதிதாக வருகிறவர்கள் சில மாதங்களுக்குள் எப்படியும் கேட்டுவிடும் கேள்வி: “பார்ட்னர் கொடுத்தது தப்புன்னு எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுது சார். மாத்தியிருக்கலாமா, கூடாதா?” இதை யாரும் ஆட்டத்துக்கு முன்னால் கேட்பதில்லை. ஆட்டம் முடிந்து, வியர்வை காய்ந்து, சட்டையை மடித்துப் பைக்குள் வைக்கும்போதுதான் கேட்பார்கள். களத்தில் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டார்கள், அது உள்ளே உறுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நான் கூடைப்பந்து நடுவர். பெரும்பாலும் இரண்டு பேர் ஊதும் ஆட்டங்கள். ஆகவே என் உதாரணங்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். ஆனால் சிக்கல் எல்லா விளையாட்டுக்கும் பொது. சக நடுவர் தப்பு செய்கிறார், நாம் பார்க்கிறோம். கைவசம் மூன்று வழிகள்: சும்மா இருக்கலாம், பார்த்ததை அவரிடம் போய்ச் சொல்லலாம், அல்லது நாமே முடிவை மாற்றலாம். பெரிய ஆட்டங்களில் வீடியோ என்ற நான்காவது வழியும் உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

“அவர் தப்பா?” என்பதை விட “எந்த வகைத் தப்பு?” என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு வகை, கண்ணால் பார்க்கக்கூடிய உண்மை. பந்து கடைசியாக யார் கையில் பட்டது, கால் கோட்டில் இருந்ததா, பந்து உள்ளேயா வெளியேயா. இதற்கு ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு. இரண்டாவது வகை, தீர்ப்பு. அந்த உரசல் ஃபவுல் கொடுக்கும் அளவுக்கு இருந்ததா, ஆட்டக்காரர் வேண்டுமென்றே செய்தாரா. இங்கே “தப்பு” என்று நாம் சொல்வது பெரும்பாலும் “நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்” என்பதுதான். மூன்றாவது வகை, விதி. கூடைப்பந்தில் இரண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாக, யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) கொடுக்க வேண்டிய இடத்தில் ஒன்று கொடுப்பது, இரண்டாவது மஞ்சள் அட்டைக்குப் பிறகும் ஆட்டக்காரரை வெளியே அனுப்பாமல் விடுவது. இதில் கோணம், தூரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. புத்தகத்தில் இருப்பது இருப்பதுதான்.

அடுத்து, நீங்கள் உண்மையிலேயே பார்த்தீர்களா? இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை சின்னது. நடந்ததை “பார்த்தேன்” என்று முடியும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். “நீலம் 7-இன் விரலில் பட்டதைப் பார்த்தேன்” (நீலச் சட்டை அணியின் 7-ஆம் எண் ஆட்டக்காரர்) தேறிவிடும். “நீலத்து மேலதான் பட்டிருக்கணும்” தேறாது. “அவர் நின்ன இடத்துலேர்ந்து அவருக்குத் தெரிஞ்சிருக்காது” சுத்தமாகத் தேறாது. அது அவர் கண்ணைப் பற்றிய ஊகம், பந்தைப் பற்றிய தகவலே அல்ல.

மூன்றாவது, நேரம். திருத்தும் கதவு எல்லா விளையாட்டிலும் சீக்கிரம் மூடிவிடும். கால்பந்தில் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், முந்தைய முடிவு தப்பென்று தெரிந்தாலும் நடுவர் அதை மாற்ற முடியாது. கிரிக்கெட்டில் அம்பயர் தன் முடிவை மாற்றலாம், ஆனால் தாமதிக்காமல் மாற்ற வேண்டும். கூடைப்பந்தில் தகுதியில்லாத ஃப்ரீ த்ரோ, ஆள் மாறிப் போட்ட ஃப்ரீ த்ரோ போன்ற சில பிழைகளுக்கு மட்டும் தனி அவகாசம் உண்டு; அதுவும் நீளமானதல்ல.

கடைசியாக, அதிகாரம். இதில் ஒவ்வொரு விளையாட்டும் ஒரு திசையில் போகிறது.

| விளையாட்டு | சக நடுவரின் முடிவை மாற்ற முடியுமா? |
|---|---|
| டென்னிஸ் | லைன் அம்பயரின் பிழை தெளிவாக இருந்தால் சேர் அம்பயர் மாற்றலாம். உடனே செய்ய வேண்டும் |
| பேட்மிண்டன் | லைன் ஜட்ஜ் தப்பு செய்தது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தால் அம்பயர் மாற்றியே ஆக வேண்டும் |
| வாலிபால் | முதல் நடுவர் மற்ற எல்லோர் முடிவையும் மாற்றலாம். வேலையைச் சரியாகச் செய்யாதவரை நீக்கி வேறொருவரை நிறுத்தவும் செய்யலாம் |
| கால்பந்து | துணை நடுவர் சொல்வது ஆலோசனை; கடைசி வார்த்தை நடுவருடையது |
| கூடைப்பந்து | சக நடுவர் தன் எல்லைக்குள் எடுத்த முடிவைக் கேள்வி கேட்க யாருக்கும் அதிகாரமில்லை. ஒத்துவராவிட்டால் தலைமை நடுவர் சொல்வது முடிவு |
| பேஸ்பால் | முடிவு சொன்ன அம்பயரே கேட்டாலொழிய மற்றவர் தலையிடக் கூடாது |
| கிரிக்கெட் | அவரவர் எல்லையில் அவரவர் பதில். சந்தேகம் இருந்தால் நன்றாகப் பார்க்கும் இடத்தில் இருந்தவரைக் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் தீராவிட்டால் நாட் அவுட் |

டென்னிஸில் “மாற்றலாம்”, பேட்மிண்டனில் “மாற்ற வேண்டும்”. இரண்டுமே கோட்டுப் பிரச்சினைதான். இரண்டு விளையாட்டு ஊதுகிற ஒருவர் இந்த ஒரு சொல்லைக் குழப்பிக்கொண்டு திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் விளையாட்டின் புத்தகத்தில் இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

## வழி ஒன்று: சும்மா இருப்பது

மௌனத்துக்குக் கெட்ட பெயர் அதிகம். ஆனால் தீர்ப்பு வகைத் தப்புகளில் இதுதான் சரியான வழி. பார்ட்னர் மூன்று அடி தூரத்தில் நின்று ஃபவுல் ஊதியிருக்கிறார், நான் பத்து மீட்டர் தள்ளி இருக்கிறேன். “அது ஃபவுலே இல்லை” என்று எனக்குத் தோன்றினால், என் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அவர் எல்லைக்குள் நடந்தது அவருடையது. அதில் தலையிட ஆரம்பித்தால் ஒவ்வொரு ஃபவுலும் இரண்டு பேர் ஓட்டுப்போட்டு முடிவாகும். எந்தக் கோச்சும் அதை விடமாட்டார்.

மறைந்திருக்கும் விலை எங்கே என்றால், மௌனம் பழகிவிடும். தீர்ப்புக்குப் பொருந்துகிற மௌனத்தை உண்மைக்கும் விதிக்கும் நீட்டிவிடுவோம்.

1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் மாரடோனா கையால் போட்ட கோலை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர் அலி பென்னாசூர் கையைப் பார்க்கவில்லை. துணை நடுவர் போக்தான் தோச்சேவ் பக்கம் பார்த்தார். அங்கிருந்து எந்தச் சைகையும் வரவில்லை. கோல் நின்றது. பின்னாளில் அந்த இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி சொன்னார்கள். ஒருவர் மற்றவர் பேசுவார் என்று நினைத்தார், மற்றவர் தான் பேச வேண்டிய இடமில்லை என்று நினைத்தார். நான் பார்த்த மௌனங்களில் பாதி இந்த ரகம்தான்.

பேஸ்பாலில் 2010 ஜூன் 2 அன்று நடந்தது வேறு மாதிரி. பந்து வீசிய அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட்டாக்கிவிட்டார்; 27-ஆவது ஆளும் போனால், எதிரணியில் ஒருவரையும் பேஸ் ஏற விடாத அபூர்வமான ‘பெர்ஃபெக்ட் கேம்’. அந்த ஆள் தெளிவாக அவுட். முதல் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் “சேஃப்”, அதாவது அவுட் இல்லை, என்றார். அவருக்குத் தன் முடிவில் சந்தேகமில்லை, அதனால் யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் மற்ற அம்பயர்கள் பேச விதி இடம் கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்து வீடியோ பார்த்தபோதுதான் ஜாய்ஸுக்குத் தெரிந்தது. வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அங்கே மௌனம் யாருடைய குற்றமும் இல்லை. ஆனாலும் விலை விலைதான்.

விதிப் பிழையில் மௌனத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. 2006 உலகக் கோப்பையில் குரோஷியா–ஆஸ்திரேலியா ஆட்டத்தில் நடுவர் கிரஹாம் போல், ஷிமுனிச் என்ற ஒரே ஆட்டக்காரருக்கு 61, 90, 93-ஆவது நிமிடங்களில் மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாவதிலேயே அவர் வெளியேறியிருக்க வேண்டும். இரண்டு துணை நடுவர்கள், ஒரு நான்காவது நடுவர் என எல்லோரும் இருந்தும் அது அப்படியே போனது. மறு ஆண்டு கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இன்னும் விசித்திரம். இலங்கை 33 ஓவர் ஆடியாகிவிட்டது. முடிவுக்கு 20 ஓவர் போதும். வெளிச்சம் போனதால் ஆட்டம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா கொண்டாடவும் தொடங்கிவிட்டது. நடுவர்கள் திரும்ப அழைத்து, கண் தெரியாத இருட்டில் மிச்சம் மூன்று ஓவர் வீச வைத்தார்கள். மைதானத்தில் இருவர், மூன்றாம் அம்பயர், நான்காம் அம்பயர், மேட்ச் ரெஃப்ரி என்று ஐந்து பேர் இருந்தும் இது நடந்தது. அந்த ஐந்து பேரும் அடுத்து வந்த இருபது ஓவர் உலகக் கோப்பையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார்கள்.

## வழி இரண்டு: பார்த்ததைச் சொல்லி, முடிவை அவரிடமே விடுவது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஆனால் இதைச் செய்வதில் பக்குவம் வேண்டும்.

பந்து அடிக்கோட்டைத் தாண்டிப் போகிறது. கூடைக்குக் கீழே நிற்கும் பார்ட்னர் முன்னால் மூன்று முதுகுகள். அவர் ஊதி, பந்து “நீலம்” அணிக்கு என்று கை காட்டுகிறார். நான் பின்னால் இருந்து நீலம் 7-இன் சுண்டுவிரல் பந்தைத் தொட்டதைப் பார்த்துவிட்டேன். ஒரு சின்ன விசில். ஓடக் கூடாது, நடக்க வேண்டும். அவர் பக்கத்தில் போய், பெஞ்சுக்கு முதுகு காட்டி நின்று, “அண்ணே, நீலம் ஏழு விரல்ல பட்டுச்சு. நான் பார்த்தேன்.” அவ்வளவுதான். “நீங்க கொடுத்தது தப்பு” என்ற பேச்சே கிடையாது. அவர் ஒரு நொடி யோசிப்பார். மாற்றினால் அவரே ஊதி, அவரே கையைத் திருப்பிக் காட்டுவார். மாற்றாவிட்டால் நான் என் இடத்துக்குத் திரும்பிவிடுவேன், முகத்தில் எதுவும் காட்டாமல். அந்தக் கடைசிப் பாதிதான் கஷ்டம். தோளைக் குலுக்கிக்கொண்டு திரும்பும் நடுவர், வாயால் சொல்லாததை மொத்த அரங்கத்துக்கும் சொல்லிவிடுகிறார்.

இந்த வழியில் முடிவு சரியாகிறது, முதலில் ஊதியவர் மரியாதையும் மிஞ்சுகிறது. திருத்தியது அவர்தானே.

இதற்கும் மறைவான செலவுகள் உண்டு. ஒன்று, அளவு. ஒரு ஆட்டத்தில் ஒருமுறை கூடிப் பேசினால் கவனம். ஐந்து முறை பேசினால் ஆட்டக்காரர்களே “போய்க் கேளு ரெஃப்” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கத் தொடங்குவார்கள். இன்னொன்று, பேசினாலே சரியான பதில் வந்துவிடாது. 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரில், எறியப்பட்ட பந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்குப் போனது. அம்பயர்கள் தர்மசேனாவும் எராஸ்மஸும் கலந்து பேசி ஆறு ரன் கொடுத்தார்கள். பந்து எறியப்பட்ட கணத்தில் பேட்ஸ்மேன்கள் இரண்டாவது ரன்னுக்கு ஒருவரையொருவர் தாண்டியிருக்கவில்லை, ஆகவே ஐந்துதான் வந்திருக்க வேண்டும். இருவரும் எத்தனை ரன் என்று பேசினார்கள். தாண்டிய கணத்தை இருவருமே பார்த்திருக்கவில்லை. பார்க்காத இரண்டு பேர் கலந்து பேசினால், பார்க்காத ஒருவரின் பிழைக்கு இன்னொரு கையெழுத்து விழும், அவ்வளவுதான்.

1966 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தபோது நடுவர் தீன்ஸ்ட் துணை நடுவர் பஹ்ரமோவிடம் நடந்து போனார். அவர் கோல் என்றார். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டியதா என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. கேட்டது சரி. பதிலில் எவ்வளவு பார்த்தது, எவ்வளவு நம்பியது என்பதைக் கேட்டவர் பிரித்தறிய வழியில்லாமல் போனது.

அதனால்தான் சொற்கள் முக்கியம். 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாம்–லிவர்பூல் ஆட்டத்தில் லூயிஸ் தியாஸ் போட்ட நல்ல கோலுக்குக் களத்தில் ஆஃப்சைட் கொடுக்கப்பட்டது. வீடியோ அறையில் இருந்தவர் களத்தில் கோல் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, “சரிபார்த்தாயிற்று” என்று மட்டும் சொன்னார். “கோல் சரி” என்று இரண்டு சொல் வந்திருந்தால் தப்பு அங்கேயே வெளிப்பட்டிருக்கும். சில நொடியில் உணர்ந்தார்கள். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

## வழி மூன்று: நாமே மாற்றிவிடுவது

மேலே சொன்ன அடிக்கோட்டுக் கதையை நான் முதன்முதலில் சந்தித்தபோது இந்த வழியில்தான் போனேன். அரைக் கோட்டுப் பக்கம் நின்றபடியே ஓங்கி ஊதி, கையை எதிர்ப்பக்கம் காட்டினேன். முடிவு சரி. பாதி அரங்கம் கை தட்டியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு நிமிடம்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தப் புத்தகத்திலும் போடமாட்டார்கள். பார்ட்னர் ஊதிய அடுத்த விசிலுக்கு ஆட்டக்காரர்கள் அவரைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதற்கடுத்ததற்கு ஒரு கோச், அவரைத் தாண்டி என்னிடம் “நீங்க சொல்லுங்க” என்றார். நான்காவது காலாட்டத்தில் பார்ட்னர் கண்முன் நடந்த பயணப் பிழைக்குக் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்தபடி அடி வைப்பது) கூட ஊதவில்லை. ஒரு சரியான முடிவுக்காக நான் ஒரு நடுவரை இழந்தேன். மிச்ச ஆட்டத்தை ஒற்றை ஆளாக ஊதினேன். விதிப்படி எனக்கு அந்த அதிகாரமே இருக்கவில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவும் இல்லை.

நேரடியாக மாற்றுவதில் இன்னொரு ஆபத்து, மாற்றுகிறவரே தப்பாக இருப்பது. 2004 அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் செரீனா வில்லியம்ஸ் அடித்த பந்து கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது. லைன் அம்பயர் சரியாகவே விட்டார். சேர் அம்பயர் அதை மாற்றி அவுட் கொடுத்தார். அவர் அந்தப் போட்டியின் மிச்ச ஆட்டங்களில் இடம்பெறவில்லை. 2006-இல் அதே போட்டிக்கு மின்னணுக் கோட்டு முறையீடு வந்ததற்கு அந்த ஆட்டமும் ஒரு காரணம். அருகில் இருந்தவர் சரியாகக் கொடுத்ததை தூரத்தில் இருந்தவர் கெடுப்பது, சும்மா இருந்து ஒரு பிழையை விடுவதை விட மோசமாகத் தெரியும். பார்க்கிறவர்களும் அதை மறப்பதில்லை.

ஆனாலும் இதுவே சரியாகும் இடங்கள் உண்டு. கோட்டு நடுவர்களை வைத்து நடத்தும் டென்னிஸ், பேட்மிண்டன், வாலிபால் போன்றவற்றில் அமைப்பே அப்படி. கொடியோடு நிற்பவர் தன் கோட்டைப் பார்க்கிறார், மேலே இருப்பவர் ஆட்டத்தை நடத்துகிறார். அங்கே மாற்றுவதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தால்தான் ஆட்டம் கெடும். சமமான இரண்டு நடுவர்கள் ஊதும் விளையாட்டில் இந்த வழியை நான் அநேகமாகத் தொடவே மாட்டேன்.

## வழி நான்கு: வீடியோ

இருந்தால் பயன்படுத்துங்கள். நம்மில் பெரும்பாலோர் ஊதும் ஆட்டங்களில் ஒரு கேமராகூட இருக்காது, ஆகவே இதில் நேரம் செலவிடவில்லை. ஒன்று மட்டும்: வீடியோ இருக்கிறது என்ற தைரியத்தில் களத்தில் முடிவே எடுக்காமல் விடும் பழக்கம் வந்துவிடும். கால்பந்தின் வீடியோ விதிகள் நடுவர் எப்போதும் முதலில் ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும் என்பது இதற்காகத்தான்.

## இரண்டு விசில், இரண்டு சைகை

ஒரு கிளைச் சிக்கல். இருவரும் ஒரே நேரத்தில் ஊதி, எதிரெதிராகக் கை காட்டிவிட்டால்? 2012 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கக் கால்பந்தில் சியாட்டில்–கிரீன் பே ஆட்டத்தின் கடைசிப் பந்து. பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு நடுவர்களில் ஒருவர் டச்டவுன் (அங்கே கோல் மாதிரி) என்று கை தூக்கினார், மற்றவர் தலைக்கு மேலே கையாட்டி நேரத்தை நிறுத்தினார். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. சியாட்டிலுக்கு 14–12 வெற்றி. அன்று ஊதியவர்கள் மாற்று நடுவர்கள்; வேலைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த வழக்கமான நடுவர்களோடு அந்த லீக் இரண்டே நாளில் ஒப்பந்தம் போட்டது.

இதற்கு மருந்து பிறகு இல்லை, முன்னால்தான். ஊதியதும் கையை மேலே தூக்கி நிறுத்துங்கள். சைகை காட்டுவதற்கு முன் ஒருமுறை பார்ட்னரைப் பாருங்கள். அவர் கையும் மேலே இருந்தால், ஆட்டம் யார் பக்கம் வந்துகொண்டிருந்ததோ அவருக்கு விட்டுவிடுங்கள்.

## எந்த இடத்தில் எது

ஃபவுல் போன்ற தீர்ப்பு என்றால், அவர் எல்லையில் என்றால், சும்மா இருப்பேன். அவருக்குத் தெரியாத ஏதோ ஒன்றை நான் பார்த்திருந்தால் மட்டும் போய்ச் சொல்வேன். ஸீதானின் தலைமுட்டல் அப்படிப்பட்டது. 2006 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நடுவர் எலிஸோந்தோ அதைப் பார்க்கவில்லை, நான்காவது நடுவர் சொல்லித்தான் சிவப்பு அட்டை வந்தது. அங்கே யாரும் யார் முடிவையும் மாற்றவில்லை. இல்லாத தகவல் போய்ச் சேர்ந்தது.

கண்ணால் பார்த்த உண்மை என்றால், “பார்த்தேன்” சோதனை தேறினால், போய்ச் சொல்வேன். தேறாவிட்டால் நகரமாட்டேன். கடைசி நிமிடம் என்பதற்காகச் சோதனையைத் தளர்த்தவும் மாட்டேன். கடைசி நிமிடத்தில் நடந்து போய்ப் பேசுவதற்கு ஆகும் செலவைத் தாராளமாகச் செய்வேன், அவ்வளவே. விதிப் பிழை என்றால் யோசனையே வேண்டாம். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, ஆட்டம் தொடங்கவிடாமல் நிறுத்திவிட்டு, பிறகு பேசுங்கள். பார்ட்னர் உங்களை விட இருபது வருடம் மூத்தவர் என்றாலும்.

இவை எல்லாவற்றையும் ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடத்தில் பேசி வைத்துக்கொள்ளலாம். “எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சா வந்து சொல்வேன், நீங்களும் சொல்லுங்க” என்று ஒரு வாக்கியம் முன்கூட்டியே போட்டுவிட்டால், நடுவில் வந்து சொல்லும்போது யாருக்கும் சுருக்கென்று தைக்காது. பெரும்பாலும் தைக்காது.

## தகவல் உங்களைத் தேடி வந்தால்

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எல்லோரும் தங்களைச் சரியாகப் பார்த்த நடுவராகத்தான் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

போன வருடம் எனக்கு பார்ட்னராக வந்தவனுக்கு வயது 19 இருக்கும். ஆட்டத்துக்கு முன் நான்தான் வழக்கமான வசனத்தைச் சொன்னேன்: “நிச்சயமாத் தெரிஞ்சா வந்து சொல்லு தம்பி, தயங்காதே.” மூன்றாவது காலாட்டத்தில் பக்கக் கோட்டில் நான் சிவப்புக்குப் பந்து கொடுத்தேன். அவன் சின்னதாக ஊதினான். ஓடவில்லை, நடந்து வந்தான். பெஞ்சுக்கு முதுகைக் காட்டி நின்றான். “சார், சிவப்பு அஞ்சோட முழங்கைல பட்டுச்சு. பார்த்தேன்.” எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடியே. எனக்கு முழங்கை தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது வெள்ளைச் சட்டையின் கை ஒன்றுதான். “இல்லப்பா, நான் பக்கத்துலதான் இருந்தேன்” என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். போனான். தோளைக் குலுக்கவில்லை, முகத்தில் எதுவும் காட்டவில்லை.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது சிவப்பு 5 என் பக்கத்தில் வந்து, சிரித்துக்கொண்டே முழங்கையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான். தம்பி அதைப் பார்த்துவிட்டு ஷூ லேஸை அவிழ்க்கக் குனிந்துகொண்டான்.